மிளகாய் அரைத்த கை ஏன் எரிகிறது?

கடப்பாக்கம் பக்கம் ஊறுகாயும் மசாலாப் பொடியும் போடும் நமக்கு இது தெரிந்த கஷ்டம்தான். "நாலு தடவை கழுவிட்டேன், ராத்திரி வரைக்கும் எரியுதுக்கா" என்போம்.

மிளகாயின் காரத்துக்குக் காரணம் கேப்சைசின் என்ற பொருள். நம் தோலில் உள்ள நரம்பு செல்களில் சின்னச் சின்னக் கதவுகள் உண்டு. சுமார் 43 டிகிரி சூடு பட்டால் அவை திறக்கும். வெளியே இருக்கும் கால்சியமும் சோடியமும் உள்ளே பாயும். 'சுடுது' என்று மூளைக்குச் சேதி போகும். (எலும்புக்கென்று மாத்திரையில் தருகிறார்களே, அதே கால்சியம்தான்.) கேப்சைசின் இந்தக் கதவைச் சூடே இல்லாமல் திறந்துவிடுகிறது! 1997-ல் இந்தக் கதவைக் கண்டுபிடித்த அமெரிக்கர் டேவிட் ஜூலியஸ், 2021-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். கிளிக்கு இந்தக் கதவு காரத்துக்கு அசையாது. அதான் மிளகாய்ப் பழத்தை அப்படித் தின்கிறது.

கேப்சைசின் எண்ணெயில் கரையும், தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. எனவே முதலில் கையில் எண்ணெய் தேய்த்து, துணியால் துடைத்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவுவோம். குழந்தையைத் தூக்குவது அதற்கப்புறம்தான். கண்ணில் பட்டுவிட்டால் எண்ணெய் கூடாது. சுத்தமான தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். எரிச்சல் அடங்காவிட்டால் டாக்டரிடம் போக வேண்டும்.

கால்சியம் அதிகமாகப் பாய்ந்தால் அந்த நரம்பே கொஞ்ச காலம் மரத்துப்போகும். மூட்டு வலிக்கும், அக்கி ஆறிய பிறகும் விடாத வலிக்கும் டாக்டர்கள் எழுதித் தரும் கேப்சைசின் களிம்பு இப்படித்தான் வேலை செய்கிறது. அதற்காக அரைத்த மிளகாயை முட்டியில் பூசிவிடாதீர்கள், புண்ணாகிவிடும்.