சதவீதப் பாடத்தில் வீட்டுக் காப்பீடு

எட்டாம் வகுப்பில் சதவீதம் நடத்தும்போது, 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள ‘பாரத் கிருஹ ரக்ஷா’ வீட்டுக் காப்பீட்டை எடுத்துக்கொள்கிறேன். கட்டடத்தைக் காப்பீடு செய்தால், அத்தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய், வீட்டுப் பொருள்களுக்குத் தானாகக் கிடைக்கும். 30 லட்சத்திற்கு 6 லட்சம். 60 லட்சத்திற்கு 12 லட்சம் என்பார்கள் மாணவர்கள். உச்சவரம்பை நினைவூட்டியதும் 10 லட்சம் எனத் திருத்துவார்கள்.

அடுத்து வினாக்கள். வெள்ளத்தில் மூழ்கிய ஃபிரிட்ஜுக்கு இழப்பீடு உண்டா? உண்டு. ஷார்ட் சர்க்யூட்டில் கருகிய டி.வி.க்கு? இல்லை. அதிலிருந்து தீ பரவி எரிந்த பீரோவுக்கு? உண்டு. தேய்மானத்தால் பழுதான மிக்ஸிக்கு? இல்லை.

வாடகை வீட்டாரும் பொருள்களுக்கு மட்டும் காப்பீடு செய்யலாம். இதை மாணவர்கள் வீட்டில் சொல்லட்டும். வெள்ளம் வந்தபின் தெரிந்து பயனில்லை.