சூரைச்செடியின் கீழ் ஒரு ஊழியன்

வேதபாடம்: 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரம்



கர்மேலில் அக்கினி இறங்கியது, நெடுநாள் பஞ்சத்துக்குப்பின் மழையும் பெய்தது. அடுத்த அதிகாரத்திலேயே எலியா வனாந்தரத்தில் படுத்துக்கொண்டு சாவைக் கேட்கிறார். விசுவாசக் குறைவு என்று பிரசங்கங்களில் சொல்வதுண்டு. மூன்றாம் வசனத்தைக் கவனியுங்கள். தம் வேலைக்காரனைப் பெயெர்செபாவில் விட்டுவிட்டு அவர் தனியே போகிறார். சூரைச்செடிக்கு வருமுன்பே தனிமை வந்துவிட்டது.

இப்பகுதியை நம்முடைய பிசியோதெரபி ஊழியரை மனதில் வைத்து வாசிப்போம். டாக்டர்களுக்காகவும் நர்சுகளுக்காகவும் ஜெபிக்கிறோம். இவர்கள் பெயர் ஜெபக் குறிப்பில் வருவது அபூர்வம்.

வேலையினால் உள்ளம் எரிந்து தீர்ந்துபோகும் இந்நிலையை 1974-இல் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் எழுதிக் காட்டினார். அவர் அதைக் கண்டது பணத்துக்காக உழைத்தவர்களிடம் அல்ல, இலவச மருத்துவ நிலையத்தில் மனமுவந்து சேவை செய்தவர்களிடம். 2019-இல் உலக சுகாதார நிறுவனம் இதை நோயாக அல்ல, வேலையோடு சேர்ந்த ஒரு நிலையாக வகைப்படுத்தி மூன்று அடையாளங்களைச் சொன்னது: தீராத களைப்பு, வேலையின்மேல் கசப்பும் விலகலும், 'நான் செய்து என்ன பயன்?' என்ற எண்ணம்.

இந்த மூன்றாவதுதான் பிசியோதெரபிஸ்டை அதிகம் வாட்டுகிறது. அறுவைச் சிகிச்சை ஒரே நாளில் முடியும். பக்கவாதத்தில் விழுந்த கை ஒரு டம்ளரைப் பிடிக்க மாதங்கள் ஆகலாம். "எப்போது நடப்பான்?" என்று தாய் கேட்கும்போதெல்லாம் பொய்யும் சொல்லாமல், நம்பிக்கையையும் கெடுக்காமல் பதில் சொல்லவேண்டும். நாளெல்லாம் நோயாளிகளைத் தூக்கி நிறுத்துகிறவருக்கே இடுப்புவலி வருவது இத்தொழிலில் சாதாரணம். (அதற்குப் பயிற்சி சொல்லிக்கொடுக்கிறவரும் அவர்தான்!)

கல்வராயன் மலையில் பாரம் இன்னும் கூடுகிறது. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கு ஏறினால், அங்கிருந்து கிராமங்கள் சிதறிக் கிடக்கின்றன. மரவள்ளிக் காட்டில் கூலி வேலை செய்கிறவர்கள் ஒருநாள் சம்பளத்தை விட்டு, பஸ் செலவும் செய்து, வாரம் மூன்றுமுறை சிகிச்சைக்கு இறங்கி வருவது எப்படி? நான்கு நாள் வந்து நின்றுவிடுவார்கள். பாதி தேறிய கால் மறுபடி இறுகிப்போகும். அதைப் பார்ப்பது சிகிச்சை கொடுத்தவருக்குத் தாங்கமுடியாத வேதனை. 2021-இல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபிஸ்டே வீட்டுக்குப் போகிறார். நல்ல ஏற்பாடு. ஆனாலும் ஒரு ஒன்றியம் முழுவதையும் சுற்றுவதென்றால், மலையில் அது என்ன உழைப்பு என்று யோசித்துப் பாருங்கள்.

வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தியது உலகறிந்த செய்தி. ஆனால் இடம் மாற்றித் தைத்த தசைநாருக்குப் புது வேலையைக் கற்றுக்கொடுத்தது, பல வாரம் அந்தக் கையைப் பிடித்துப் பயிற்சி கொடுத்தவர்களே. அவர்களில் எத்தனை பேரை நமக்குத் தெரியும்? 1954-இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியிலிருந்தே அக்கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பின்பு அங்கே மறுவாழ்வுத் துறையையும் தொடங்கினார். அவருடைய சாட்சியைச் சொல்லி, களைத்த ஊழியரை "நீ மட்டும் ஏன்?" என்று கேட்பது நியாயமல்ல என்றே நினைக்கிறேன்.

கர்த்தர் எலியாவை அப்படிக் கேட்கவில்லை. முதலில் தூங்கவிட்டார். தூதன் தட்டி எழுப்பிச் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். எலியா மறுபடி படுத்தார். அதற்கும் கண்டிப்பு இல்லை. இரண்டாந்தரம் உணவு கொடுத்தபோது, போகவேண்டிய வழி உன் பெலத்துக்கு மிஞ்சியது என்பதைத் தூதனே ஒத்துக்கொள்கிறான். ஓரேபில் பேச்செல்லாம் முடிந்தபின் கிடைத்த கட்டளைகளில் ஒன்று, எலிசாவை அபிஷேகம்பண்ணுவது. வேலைக்காரனை விட்டுவந்தவருக்கு ஒரு துணையாள் கிடைத்தான்.

ஆகவே பங்காளர்களே, இயந்திரங்களுக்குக் காணிக்கை அனுப்பும் சபைகள், விடுப்பில் போகிறவருக்குப் பதிலாக வருகிற ஒருவரின் சம்பளத்தையும் தாங்கலாம். இப்படிப்பட்ட காணிக்கைக்குக் கல்வெட்டில் பெயர் பொறிக்க முடியாது. "இந்த ஆண்டு எத்தனை பேர் நடந்தார்கள்?" என்று ஊழியரிடம் கேட்கும்போது, "நீங்கள் எத்தனை நாள் ஓய்வெடுத்தீர்கள்?" என்றும் கேளுங்கள். உங்கள் ஊரில் பிசியோதெரபி படித்து முடித்த வாலிபர் யாரேனும் இருந்தால், இந்த அதிகாரத்தை அவரோடு உட்கார்ந்து வாசியுங்கள். மலைக்கு இரண்டு பேராகப் போக இன்னும் ஒருவர் தேவை.