பிக்கப் திணறுதா? பம்பைக் கழற்றும் முன் படியுங்கள்

கேள்வி: 2015-ல் வாங்கிய பெட்ரோல் கார், 82,000 கி.மீ. ஓடியிருக்கிறது. கொஞ்ச நாளாக சிக்னலில் எடுக்கும்போதும், ஸ்பீடு பிரேக்கர் தாண்டி ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதும் வண்டி ஒரு நொடி அமுங்கிவிட்டு, அப்புறம் வெடுக்கென்று பாய்கிறது. ஏ.சி. போட்டால் இன்னும் மோசம். ஆனால் பைபாஸில் 80-ல் போனால் ஒரு குறையும் இல்லை. போன வாரம் நாலு பேருடன் ஏற்காடும் ஏறிவிட்டு வந்தோம். செக் என்ஜின் விளக்கு எரியவில்லை. மெக்கானிக் ஸ்பார்க் பிளக் நான்கையும் மாற்றினார், பலனில்லை. இப்போது ஃபியூயல் பம்பை மாற்றச் சொல்கிறார். பக்கத்து வீட்டுக்காரரோ, எல்லாம் எத்தனால் கலந்த பெட்ரோலால் வந்த வினை என்கிறார். நான் என்ன செய்ய?
– வாசகி, சேலம்

பதில்: பம்பில் இப்போது கை வைக்க வேண்டாம்.

பாதி விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள். பம்ப் தளர்ந்தாலோ, ஃபில்டர் அடைத்தாலோ, என்ஜின் அதிகப் பெட்ரோல் கேட்கிற இடத்தில்தான் முதலில் காலை வாரும். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளை நாலு பேருடன் ஏறிய வண்டி, சேலம் சிக்னலில் மட்டும் திணறுகிறது என்றால், முதலில் பார்க்க வேண்டியது காற்று வரும் வழியை.

ஏர் ஃபில்டரை நீங்களே கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அது சுத்தமாக இருந்தால் அடுத்தது திராட்டில் பாடி. அதற்குள் இருக்கும் வட்டத் தகட்டின் விளிம்பில், என்ஜினிலிருந்து திரும்பி வரும் ஆயில் ஆவியும் கரியும் சேர்ந்து கறுப்பாக ஒட்டிக்கொள்ளும். முழுக்கத் திறந்திருக்கும்போது அந்தப் படிவு ஒரு பொருட்டே இல்லை. நூலளவு திறந்திருக்கும்போது, அதாவது ஐடிலிங்கிலிருந்து காலை அழுத்தும் அந்த முதல் கணத்தில், அதுதான் காற்றை மறிக்கிறது. ஏ.சி. கம்ப்ரஸரின் சுமையும் சேர்ந்தால் தயக்கம் கூடத்தானே செய்யும்?

சுத்தம் செய்வது சின்ன வேலைதான், ஆனால் செய்கிற விதம் முக்கியம். இக்னிஷனை அணைத்துவிட்டு, திராட்டில் பாடிக்கென்றே விற்கும் கிளீனரைத் துணியில் அடித்துத் துடைக்க வேண்டும். எலக்ட்ரானிக் திராட்டில் என்றால் தகட்டை விரலால் அழுத்தித் தள்ளவே கூடாது. உள்ளே இருக்கும் பற்சக்கரம் போய்விடும். துடைத்த பிறகு பல வண்டிகளில் ஸ்கேனர் மூலம் ஐடிலிங் 'ரீலேர்ன்' செய்தாக வேண்டும். இதை விட்டுவிட்டு, "கிளீன் பண்ணினதும் ஐடிலிங் கெட்டுப்போச்சு" என்று சொல்பவர்கள் நிறைய.

அதற்கும் அடங்காவிட்டால் ரப்பர் குழாய்களைப் பாருங்கள். பிரேக் பூஸ்டருக்குப் போகும் குழாய், ஆயில் ஆவியைத் திருப்பிக் கொண்டுவரும் பி.சி.வி. குழாய் இரண்டும் பத்து வருட வெப்பத்தில் விறைத்து வெடித்திருக்கும். ஐடிலிங்கில் 'உஸ்' என்று சத்தம் கேட்கிறதா, பிரேக் பெடல் வழக்கத்தைவிடக் கடினமாக இருக்கிறதா என்று கவனியுங்கள். சில இடங்களில் ஓடும் என்ஜின் மேல் ஸ்பிரே அடித்து லீக் தேடுவார்கள். சூடான என்ஜினில் அது தீயோடு விளையாட்டு. ஸ்மோக் டெஸ்ட் செய்யும் ஒர்க்‌ஷாப்பாகப் பார்த்துப் போங்கள்.

விளக்கு எரியவில்லை என்பதற்காக ஸ்கேனர் மாட்டாமல் விடாதீர்கள். கோளாறு ஓர் அளவைத் தாண்டினால்தான் விளக்கு எரியும். அதற்கு முன்பே 'பெண்டிங்' கோடு பதிவாகியிருக்கலாம். ஓடும் என்ஜினில் 'ஃபியூயல் ட்ரிம்' எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். என்ஜினின் கம்ப்யூட்டரான இ.சி.யூ. தன் கணக்குக்கு மேல் எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டுகிறது, குறைக்கிறது என்பதே அந்த எண். ஐடிலிங்கில் +18 என்று இருந்து, 2,500 ஆர்.பி.எம்.மில் +4-க்கு இறங்கினால் எங்கோ காற்று கசிகிறது. மாறாக, சுமை ஏற ஏற எண்ணும் ஏறினால் அப்போது பம்பைச் சந்தேகிக்கலாம். அப்போதும் பிரஷர் கேஜ் மாட்டிப் பார்த்த பிறகுதான் மாற்ற வேண்டும். காற்றை நேரடியாக அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள வண்டிகளில் காற்றுக் கசிவு இந்த எண்ணில் தெளிவாகத் தெரியும். காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் மட்டும் உள்ள வண்டி என்றால் எண் அவ்வளவாகக் காட்டிக்கொடுக்காது. ஐடிலிங் ஏறி இறங்குவதுதான் அங்கே அடையாளம். அந்த மேப் சென்சாரின் முனையில் கரி பிடித்திருந்தாலும் இதே தயக்கம் வரும்.

இக்னிஷன் காயில் பழுதானாலும் வண்டி வெட்டும். ஆனால் அது மலையேற்றத்தில்தான் அதிகம் வெட்டியிருக்கும், அதனால் அதைக் கடைசியில் பார்த்தால் போதும். புதுப் பிளக்கின் இடைவெளி உங்கள் கார் கையேட்டில் உள்ளபடி இருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதில் கொஞ்சம் உண்மை உண்டு. எத்தனாலில் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 போட்டால் மைலேஜ் இறங்கும், ட்ரிம் எண்ணும் சற்று ஏறியே நிற்கும். பழைய வண்டியின் ரப்பர் பாகங்களுக்கும் அது ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ஆனால் எத்தனால்தான் குற்றவாளி என்றால் வண்டி எல்லா வேகத்திலும் திணற வேண்டும். சிக்னலில் மட்டும் அல்ல.

சரியாகும் வரை எதிரே லாரி வரும் ரோட்டில் ஓவர்டேக் செய்யாதீர்கள். அந்த ஒரு நொடி அங்கே ரொம்பப் பெரிது.

கேள்வி: என் ஏ.எம்.டி. கார் புதுசு. அழுத்தி மிதித்தால் கியர் மாறும்போது ஒரு தயக்கம். இதுவும் கோளாறா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: இல்லை. ஏ.எம்.டி. என்பது மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சையும் கியரையும் உங்களுக்குப் பதில் மோட்டார் இயக்குகிறது. கிளட்ச் விலகும் நேரத்தில் இழுவை அறுபடத்தான் செய்யும். கியர் மாறப்போகிறது என்று தெரிந்ததும் காலை லேசாகத் தளர்த்துங்கள். ஓவர்டேக் செய்யுமுன் மேனுவல் மோடுக்குப் போய் ஒரு கியர் இறக்கிக்கொள்ளுங்கள். ஆர்.பி.எம். ஏறியும் வேகம் ஏறவில்லை என்றால் மட்டும், வாரண்டி முடியும் முன் கிளட்சைக் காட்டிவிடுங்கள்.