மல்லாந்து படுத்தால் மூச்சு அடைக்குமா?



பதுளையிலிருந்து பிபிலை, மகா ஓயா வழியாக இறங்கும் பெரிய ரோட்டு செங்கலடியில் போய் முடிகிறது. 1977, 1983 கலவரங்களுக்குப் பின் மலையை விட்டுப் போன நம் சனங்களில் ஒரு பகுதியினர் அந்த மட்டக்களப்புப் பக்கம் குடியேறினார்கள். அப்படிப் போன மாமா ஒருவர் வீட்டில், வாவிக் கரையில், ஓர் இரவு தங்கினேன்.

மாமா பன்பாயை விரித்து மல்லாந்து படுத்தார். கொஞ்ச நேரத்தில் குறட்டை கிளம்பியது. திடீரென்று சத்தமே இல்லை. நெஞ்சு ஏறி இறங்குது, மூச்சு மட்டும் வரவில்லை. பிறகு "கர்ர்" என்று திணறி, புரண்டு, மறுபடி குறட்டை.

"பயப்படாதீங்க தம்பி, அவரு எப்பவும் இப்படித்தான். ஆனா போன மாசம் விடியக்காலம் தோணியில உக்காந்தபடியே தூங்கி, வாவியில விழப் பாத்தாரு" என்றார் அத்தை.

குறட்டையும் பகல் தூக்கமும் வேறு வேறு விஷயமல்ல. இரண்டும் ஒரே நோயின் அடையாளமாக இருக்கலாம்.

உள்ளே நடப்பது என்ன?

விழித்திருக்கும்போது தொண்டைத் தசைகள் மூச்சுப் பாதையைத் திறந்து வைத்திருக்கும். தூங்கும்போது அவை தளரும். மல்லாந்து படுத்தால் நாக்கும் உள்நாக்குச் சதையும் தம் பாரத்தாலேயே பின்னுக்குச் சரியும். பாதை ஒடுங்கினால் குறட்டை. முழுதாக அடைத்தால் மூச்சே நிற்கும். இரத்தத்தில் ஒட்சிசன் குறைந்ததும் மூளை ஆளை உலுக்கி எழுப்பும். காலையில் அது நினைவில் இருக்காது.

மூச்சு 10 செக்கனுக்கு மேல் நின்றால் அது ஒரு தடை. பெரியவர்களுக்கு மணித்தியாலத்தில் இப்படி 5 தடவைக்கு மேல் வந்தால் வைத்தியர்கள் அதை நோயாகக் கணிப்பார்கள். கவனிக்காமல் விட்டால் பிரஷர் ஏறும், இருதயம் பழுதாகும். லொறி ஓட்டுபவருக்கும் மெஷினில் நிற்பவருக்கும் கண் சொக்கினால் உயிருக்கே ஆபத்து.

1984இல் ரொசலிண்ட் கார்ட்ரைட் என்ற அமெரிக்க ஆய்வாளர், மல்லாந்து படுக்கும்போது இந்தத் தடைகள் சராசரியாக இரு மடங்கு ஆவதை எடுத்துக்காட்டினார்.

என்ன செய்யலாம்?

1. ஒருக்களித்துப் படுங்கள். புரண்டு மல்லாந்து விடுபவர், பழைய சட்டையின் முதுகுப் பக்கம் ஒரு பை தைத்து அதில் டெனிஸ் பந்தைப் போட்டுக்கொள்ளலாம். புரண்டால் பந்து உறுத்தும், தானாகத் திரும்புவார்.

2. இரவில் சாராயம், கசிப்பு வேண்டாம். அவை தொண்டையை இன்னும் தளர்த்தும். தூக்க மாத்திரையை வைத்தியரைக் கேட்காமல் போடக்கூடாது.

3. உடம்பு பருத்திருந்தால் எடையைக் குறையுங்கள். பீடி, சிகரட்டை விடுங்கள். அடுப்புப் புகை காம்பராவுக்குள் தங்காமல் படுக்குமுன் கதவைத் திறந்து வையுங்கள்.

இதிலும் அடங்காதவர்களுக்கு, முகமூடி வழியாகக் காற்றைச் செலுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கும் மெஷின் இருக்கிறது. 1981இல் அவுஸ்திரேலியாவின் கொலின் சலிவன் இந்த முறையை அறிமுகப்படுத்தினார்.

தாய்மார் கவனத்துக்கு

பெரியவர்களுக்குச் சொன்னதைக் கைக்குழந்தைக்குச் செய்யாதீர்கள்! ஒரு வயது வரை குழந்தையை மல்லாத்தித்தான் தூங்க வைக்க வேண்டும். அமெரிக்காவில் 1994இல் இதை எடுத்துச் சொன்ன பிறகு, தூக்கத்தில் திடீரென இறக்கும் குழந்தைகளின் தொகை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. சேலைத் தொட்டிலில் குழந்தையின் நாடி நெஞ்சில் முட்டி மூச்சு அடைக்கலாம். தூங்கியதும் சமமான இடத்தில் மல்லாத்திக் கிடத்துங்கள். தலையணை வேண்டாம்.

கர்ப்பிணிகள் கடைசி மூன்று மாதமும் ஒருக்களித்துப் படுப்பது நல்லது. வாயைத் திறந்தபடி தினமும் குறட்டை விடும் பிள்ளைக்கு டொன்சில் வீக்கம் இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர்கள்

படுத்தால் மூச்சு முட்டி, எழும்பி உட்கார்ந்தால்தான் சுகம் என்பவருக்கு இருதய வருத்தம் இருக்கலாம். இழுப்பு வந்து பேச முடியாமல் திணறுபவரும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

மாமாவுக்கு அத்தை பந்துச் சட்டை தைத்துக் கொடுத்தார். ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப் போனார். "இப்ப தோணியில கண்ணு சொக்கிறதில்ல" என்கிறார் மாமா. தன் மூச்சு நிற்பது தூங்குபவருக்குத் தெரியாது. பக்கத்தில் படுப்பவர்தான் சொல்ல வேண்டும். இன்றிரவு உங்கள் காம்பராவிலும் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள்.

படித்ததை வீட்டில் பேசுங்கள்

- நம் வீட்டில் மூச்சு நின்று திணறுபவர் யார்?
- காலையில் தலையிடி, பகலில் தூக்கம் யாருக்கு?
- குழந்தையை எப்படிக் கிடத்துகிறோம்?