மழை நாளை வைத்து மிஷின் வாங்குங்கள்

பிரிஞ்சாங் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் வாட்டுத் தொட்டியருகிலும் டிரையர் முன்னாலும் நின்று வேலை பார்த்தவன் நான். சொந்தத் தொழிலுக்கு மிஷின் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "மணிக்கு எத்தனை கிலோ ஓடும்ணே?" என்றுதான். அந்தக் கிலோவை நம்புவதற்கு முன் பார்க்க வேண்டியவை சில உண்டு.

வரத்து கூடிய நாளைக் கணக்கெடுங்கள். வருட மொத்தத்தை நாட்களால் வகுத்தால் வரும் சராசரி உதவாது. மழைக்குப் பிறகு கொழுந்து ஒரேயடியாகத் துளிர்த்து வரும். நாளைக்கு ஆகட்டும் என்று குவித்து வைத்தால் சூடேறிச் சிவந்துவிடும்.

எந்தக் கட்டம் மெதுவானது என்று பாருங்கள். கொழுந்து வாட 12 முதல் 18 மணி நேரம் ஆகும். ஆறடி அகலம், எண்பதடி நீளத் தொட்டியில் சதுர அடிக்கு 2.5 கிலோ பரப்பினால் 1,200 கிலோ பிடிக்கும். ஒரு நாளைக்கு அவ்வளவுதான். இரண்டு பேர் பிடித்துக்கொண்டு போகும் அறுவடை மிஷின் மலையில் வேகத்தைக் கூட்டிவிட்டது. தொட்டியைக் கூட்டாமல் வாடிய கொழுந்தை உருட்டும் ரோலரை மட்டும் கூட்டினால் அது சும்மாதான் நிற்கும்.

டிரையரைத் தண்ணீரால் அளந்து பாருங்கள். 100 கிலோ பச்சைக் கொழுந்தில் சுமார் 78 கிலோ தண்ணீர். ஈரம் 65 சதவீதத்துக்கு இறங்கும்வரை வாடினால் 63 கிலோ மிஞ்சும். அதில் 40 கிலோ தண்ணீரை டிரையர் ஓட்ட வேண்டும். மழை நாளில் வாட்டம் சரியில்லாமல் ஈரம் 70 சதவீதத்தில் நின்றுவிட்டால் ஓட்ட வேண்டியது 50 கிலோவைத் தாண்டும். கிடைக்கும் தூள் இரண்டு நாளும் ஏறக்குறைய 23 கிலோதான். டிரையருக்கு வேலை கால் பங்கு கூடுதல். கொழுந்து குவிகிற நாளில்தான் டிரையரும் திணறும்.

அதற்காக அளவுக்கு மீறியும் வாங்காதீர்கள். பாதிச் சுமையில் ஓடினாலும் டிரையரைச் சூடாக்கும் எரிபொருள் பாதியாகக் குறையாது. இடமும் ஆளும் இருந்தால் பெரியது ஒன்றைவிட நடுத்தரமானவை இரண்டு மேல். வரத்துக் குறைந்த நாளில் ஒன்றை அணைத்து வைக்கலாம். ஒன்று பழுதானாலும் வேலை முழுக்க நிற்காது.

உலர்மீனோ மிளகாய்த் தூளோ, காய வைக்கிற எந்தத் தொழிலுக்கும் இதே கணக்குதான். விற்பவரிடம், "உள்ளே போகிற சரக்கில் எத்தனை சதவீதம் ஈரம் என்று வைத்து இந்தக் கிலோ சொல்கிறீர்கள்?" என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.