களத்தின் புறத்தே நின்றவர்

உதைபந்தாட்ட வீரரின் ஆட்டத்தைப் போற்றும் நாம், அவர் பின்னர்ப் பிறரைப் பயிற்றிய உழைப்பை எளிதில் மறந்துவிடுகின்றோம். தமிழ்நாட்டு வீரர் சைமன் சுந்தரராஜ் 1960ஆம் ஆண்டு உரோம் ஒலிம்பிக்கிற் பங்குகொண்ட இந்திய அணியினர். அவ்வணியைப் பயிற்றிய ஐதராபாத்து எஸ். ஏ. ரகீம் எம்மைப் போன்று பள்ளி ஆசிரியர் என்பது எமக்கு உவகை தருவதாம். அங்கேரியிடம் 2–1 எனத் தோற்ற அவ்வணி, வலிமிக்க பிரான்சை 1–1 எனச் சமநிலையில் நிறுத்தியது. பெருவிடம் மீண்டுந் தோற்றது.

பின்னர்ச் சைமன் கேரள அணிக்குப் பயிற்றுநரானார். உரோமுக்குச் சென்றதினும் இதனையே அரிய செயலென யாம் மதிக்கின்றோம். சந்தோஷ் கிண்ணத்தை அதுவரை ஒருமுறையேனும் வென்றறியாத அணி அது. 1973இல் எர்ணாகுளத்தில், இரயில்வே அணியை 3–2 என வென்று முதன்முறையாக அதனைப் பெற்றது. கோல்கள் மூன்றும் அணித்தலைவர் மணி இட்டவை. பயிற்றுநரின் பெயர் கோற்கணக்கில் இடம்பெறுவதில்லையன்றோ?