மாசி மாதத்துத் தோட்டம்: ஓர் இளம் தோட்டக்காரருக்கு



கோவைப் பீளமேட்டில் சில வீட்டுத் தோட்டங்களைப் பராமரிக்கும் பொறுப்பை ஏற்றிருப்பதாகவும், மாசி பிறந்துவிட்டபடியால் வஸந்த காலத்துக்குரிய கவாத்து, கொத்து, உரம் ஆகிய எல்லாவற்றையும் ஒருசேரத் தொடங்கப்போவதாகவும் எழுதியிருந்தாய். உற்சாகம் மெச்சத்தக்கதே. ஆனால் பனி உருகி மண் நனையும் சீமைத் தேசங்களுக்கென்று ஏற்பட்ட அந்த முறை, மேற்கு மலையின் மழைமறைவில் கிடந்து, ஆண்டு மழையின் பெரும்பங்கை ஐப்பசி கார்த்திகையிலேயே பெற்றுக்கொண்டு, கோடைமழை வரும்வரை மிஞ்சிய ஈரத்தைக்கொண்டே காலந்தள்ளும் நம் பிரதேசத்துக்குச் சற்றும் பொருந்தாது.

ஆகையால் கத்தரியைக் கீழே வை. குண்டுமல்லிக்குக் கவாத்துக் காலம் கார்த்திகை. அப்போது வெட்டிய செடி துளிர்த்துப் பங்குனியில் பூக்கத் தொடங்கும். இன்று வெட்டுகிறவன் அந்தப் பூவைத்தான் வெட்டுகிறான். மாமரம் பூத்து நிற்கையில் இரக்கப்பட்டு ஜலம் பாய்ச்சுவதும் அதே ஜாதி உபகாரம். பிஞ்சு பட்டாணி அளவு திரளட்டும், பிறகு பாய்ச்சலாம்.

இம்மாதத்தின் பிரதான வேலை மூடாக்கு. வேம்பு உதிர்க்கும் சருகைப் பெருக்கித் தெருவோரத்தில் கொளுத்துகிறார்கள். காசு கொடுத்து உரம் வாங்கும் வீடுகளே இதை அதிக சிரத்தையுடன் செய்கின்றன என்பது விசேஷம். அந்தச் சருகை அள்ளிவந்து, நன்றாக நீர் பாய்ச்சிய பாத்திகளில் நாலு விரல் கனத்துக்கு, தண்டைத் தொடாமல் பரப்பு. தென்னையைச் சுற்றி ஆறடி ஆர வட்டத்தில் உரிமட்டைகளைக் குழிந்த பக்கம் மண்ணைப் பார்க்கும்படி கவிழ்த்து அடுக்கு. நிலம் கரிசலாயின் வெடிப்பு விழுவதற்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும். வெடித்த கரிசல், ஊற்றும் தண்ணீரை வேருக்குக் கொடாமல் ஆழத்துக்கு அனுப்பிவிடும்.

விதைக்க ஆசையிருந்தால், இம்மாதத்தில் வரும் கோனியம்மன் கோயில் தேரோட்டத்தை ஒட்டி வெண்டை ஊன்றலாம். வெயில் ஏற ஏற வெள்ளை ஈ பெருகி மஞ்சள் நரம்புத் தேமலைச் செடிக்குச் செடி பரப்புமாதலால், நரம்பு மஞ்சளித்த செடியைத் தயை தாட்சண்யமின்றிப் பிடுங்கிவிடு. அதற்கு வைத்தியம் கிடையாது.

வெட்டாமலும் பெருக்காமலும் சம்பளம் வாங்குகிறானே என்று வீட்டுக்காரர்கள் முணுமுணுக்கக்கூடும். காரணத்தை மரியாதையாக எடுத்துச் சொல். சொல்லியும் சருகைக் கொளுத்தியே தீரவேண்டும் என்கிற வீடு உனக்கு வேண்டாம்.